குடி என்று சொல்லிவிட்டேன்

அன்புத் தம்பிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். வீட்டில் மூவரும் சுகம். நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குவதாக உங்கள் மறுவாழ்வு மைய டாக்டர் போனில் சொன்னதும்தான் எனக்கு உயிர் வந்தது. இளைத்திருப்பாய் என்று உன் அண்ணி ஒரு அளவு குறைத்துச் சட்டை வாங்கி வைத்திருக்கிறாள்.

முதலாளிக்கு உண்மை தெரியுமா என்று கேட்டிருந்தாய். "ஒளிச்சு ஒளிச்சுதான் இங்க வந்து சேந்தேன், மறுபடி ஒளிக்க முடியாதுண்ணே" என்று நீ எழுதியதைப் படித்து இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏனென்றால் அவரிடம் நான் புளுகியிருந்தேன். போதை மாத்திரை என்று சொல்ல நாக்கு வராமல், குடி என்று சொல்லிவிட்டேன். மனுஷன் சிரித்தார். "குடிதானே, நாம குடிக்காததா? வேலை எங்கயும் ஓடிடாது" என்று தோளில் தட்டினார். அதே மூச்சில், மாத்திரை, கஞ்சா என்று எவனாவது வந்தால் வாசப்படி மிதிக்க விடமாட்டேன் என்றும் சொன்னார். மாமாவிடமும் இதே புளுகுதான். ஆம்பிளை என்றால் அப்படி இப்படித்தான் இருப்பான் என்று கையில் கிளாஸோடு எனக்கு ஆறுதல் சொன்னார்.

முதுகு வலிக்கு அந்த மாத்திரையை உனக்கு எழுதிக் கொடுத்தவரே ஒரு டாக்டர். என் குடியை எனக்கு எவரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆனாலும் உன்னைப் பற்றிச் சொல்லத்தான் கூசினேன்.

செவ்வாய்க்கிழமை பட்டறையில் மரம் இறக்கி முடித்ததும் முதலாளியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பதினோரு வருஷம் கூட வேலை பார்த்துவிட்டு என்னிடமே கதை விட்டாயா என்று எரிந்து விழுந்தார். பிறகு, எத்தனை நாளாகத் தொடாமல் இருக்கிறான் என்று கேட்டார். தொண்ணூற்றிரண்டு என்றேன். "என்னால ஒன்பது நாள் முடியலடா" என்றார். மூன்று மாதம் நீ ரம்பத்தின் பக்கம் போகக் கூடாதாம், என்னோடு பாலிஷ் வேலை பார்க்க வேண்டுமாம். முதல் தேதி வரச் சொல்லிவிட்டார்.

சந்தோஷத்தில் வீட்டுக்குப் பறந்து வந்தேன். நான் உட்காரும் முன்பே என் மகள் கிளாஸைத் துடைத்து, பக்கத்தில் தண்ணீரும் வைத்தாள். ஆறு வயது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. உன் அண்ணி சண்டை பிடிக்கவில்லை. "தம்பி வெக்கப்பட்டாரு, வைத்தியத்துக்குப் போனாரு. உங்களுக்கு வெக்கப்பட யாரும் வாய்ப்பே குடுக்கல" என்றாள். அவ்வளவுதான்.

அன்று ஊற்றவில்லை. மறுநாள் ஊற்றினேன், உன்னிடம் மறைப்பானேன். நேற்றும் இன்றும் இல்லை. எழுத்து கோணலாக இருப்பது அதனால்தான்.

நீ நூறு வயசு நன்றாக இருப்பாய். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை காலையில் உன்னை அழைத்துப்போக நானே வருகிறேன். அதற்குள் டாக்டரிடம் ஒன்று கேட்டு எழுது. குடிக்கிறவர்களையும் அங்கே சேர்த்துக்கொள்வார்களா? அப்படியென்றால் என் துணிகளையும் ஒரு பையில் எடுத்து வருகிறேன். நீ விட்டு வரும் கட்டிலையே எனக்குக் கொடுக்கச் சொல்.

உன் அண்ணன்