அன்பியத்தில் சொன்னது

இராயபுரம்,
சனிக்கிழமை காலை.

மரியே வாழ்க.

அன்பு மகன் ஜெரிக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் அப்பாவும் நானும் இங்கே எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே பம்பாயில் நீயும் மருமகளும் வேளைக்குச் சாப்பிட்டு சுகமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு பூசையிலும் கேட்டுக்கொள்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி முன்னைக்குப் பரவாயில்லை, மணலி ஆலைகள் பக்கமிருந்து காற்று அடிக்கிற நாளில் மட்டும் இருமுகிறார், ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்துக்கொள்ளச் சொன்னால் கேட்பதில்லை, டீக்கடைக்குப் போயே ஆக வேண்டும், போனால்தானே டைரக்டரோட நைனா வந்துட்டாரு என்று நாலு பேர் எழுந்து இடம் கொடுப்பார்கள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டின காலத்தில் இந்த மனுஷனுக்கு ஒருத்தரும் இப்படிக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்ததில்லை. கையில் போன் இருக்கும்போது அம்மா எதற்குப் பேனாவைப் பிடித்தாள் என்று நினைப்பாய். போனில் உன் குரலைக் கேட்டால் என் வாய் சும்மா இருக்காது ஜெரி, அந்த வாயை நினைத்தால்தான் இப்போது எனக்குப் பயம். சொல்ல வந்ததும் முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடியது இல்லை. எழுதினால் பாதியில் நீ குறுக்கே பேச முடியாது, நானும் சமாளித்துச் சிரிக்க முடியாது.

நீ சினிமாவுக்குப் போகிறேன் என்ற அன்று நம் வீட்டில் நடந்த கூத்து எனக்கு மறக்கவில்லை. துறைமுகத்தில் யாரையாவது பிடித்து வேலை வாங்கித் தருகிறேன் என்று அப்பா கத்திக்கொண்டிருக்க, நீ பையைத் தூக்கிக்கொண்டு போய் வளசரவாக்கத்தில் நாலைந்து பேரோடு ஒரு ரூமில் படுத்தாய். பெரிய டைரக்டரிடம் உதவியாளனாக இருந்தபோது கிளாப் அடித்தாய், வெயிலில் நடிகைக்குக் குடை பிடித்தாய், கன்னம் ஒட்டிப்போய் வீட்டுக்கு வருவாய், நான் வஞ்சிரம் வறுத்துப் போட்டால் தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டு மறுபடி ஓடுவாய். முதல் படம் வந்த வேகத்தில் போய்விட்டது, அந்த வாரம் முழுக்க அப்பா டீக்கடைப் பக்கம் தலை காட்டவில்லை. இரண்டாவது படத்தில் நம் சனங்களை வைத்தாய், நம் பேச்சை வைத்தாய், ஓடு ஓடு என்று ஓடியது. மற்றவர்கள் படத்தில் நம்மைப் போல் பேசுகிறவன் வந்தால் அவன் பிக்பாக்கெட்டாக இருப்பான், இல்லாவிட்டால் சிரிப்பு மூட்டுகிறவனாக இருப்பான். நீ அப்படிச் செய்யவில்லை, அதற்காக நான் கோவிலில் முட்டி போட்டு நன்றி சொன்னேன். அதற்கப்புறம் விருது, வெளிநாட்டு விழா, இப்போது இந்திக்காரர்களே கூப்பிட்டு வீடு கொடுத்து வைத்திருக்கிறார்கள். பேட்டியில் எல்லாரும் கதை எப்படி சார் பிடிக்கிறீங்க என்று கேட்கிறார்கள், தெருவில் நின்று கவனிப்பேன் என்கிறாய். இந்தத் தெருவில் நீ நின்று எத்தனை காலம் ஆகிறது? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் வீட்டுக்கு வந்ததும் போன் பண்ணுவாய், இன்னாம்மா விசேஷம் என்று கேட்பாய். பிள்ளைக்கு ஊர் ஏக்கம் போலிருக்கிறது என்று யார் வீட்டில் சண்டை, யார் பெண் யாரோடு போனாள் என்று ஒன்று விடாமல் கொட்டுவேன். அவங்க கரெக்டா இன்னா சொன்னாங்க, அதே மாதிரி சொல்லு என்று நடுவில் கேட்பாய். என் பேச்சை ஒரு ஆள் இவ்வளவு ஆசையாகக் கேட்கிறானே என்று எனக்குத் தலைகால் புரியாது. நம் தெருவில் மீன் விற்கிற கன்னியம்மாவின் மீன்கூடைச் சண்டை உன் படத்தில் வந்தபோது அவளே அது தன் சண்டை என்று தெரிந்து விசில் அடித்தாள், நானும் பக்கத்தில் இருந்தவளை இடித்து அது நான் சொன்னது என்று பீற்றிக்கொண்டேன். மீன்கூடைச் சண்டை தெருவில் நடந்தது, ஊரே பார்த்தது, அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஜானட் விஷயம் அப்படியில்லை. எதிர்வீட்டு ஜானட்டை உனக்குத் தெரியும், காசிமேட்டில் லாஞ்ச் ஓட்டின சிலுவைமுத்துவின் பெண்சாதி, நீ பள்ளிக்கூடம் போகிற காலத்தில் புதுப்பெண்ணாக வந்தவள். சிலுவைமுத்து குடித்துக் குடித்து ஈரல் கெட்டு போன வருஷம் செத்தார். அதற்கடுத்து வந்த அன்பியத்தில்தான் அவள் அதைச் சொன்னாள். அன்பியம் உனக்கு மறந்திருக்கும். நம் சந்தில் உள்ள வீடுகள் சேர்ந்து வாரம் ஒரு வீட்டில் கூடுவோம், ஜெபமாலை முடிந்ததும் ஒவ்வொருத்தியாக வாய்விட்டுத் தன் மன்றாட்டைச் சொல்வாள், ஆண்டவரே கேட்டருளும் என்று மற்றவர்கள் பதில் சொல்வோம். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லக் கூச்சப்படுவதைக்கூட அங்கே சொல்லி அழுவோம். அங்கே பேசியதை யாரும் வெளியே எடுத்துப் போக மாட்டோம், இதை யாரும் சட்டம் போட்டுச் சொல்லவில்லை, அப்படித்தான் இத்தனை காலம் நடந்தது. மாதாவே, அவர பொதச்சிட்டு வந்த அன்னிக்கு பாய் முழுக்க கைய கால நீட்டி படுத்தேன், கண்ணாலம் ஆன நாள்லேர்ந்து எனக்கு அப்டி ஒரு தூக்கம் வந்ததில்ல, அழுவவே வரல, இது பாவமா இன்னான்னு நீதான் சொல்லணும் என்று ஜானட் அன்று சொன்னாள். நாங்கள் எல்லாரும் அழுதோம். ஞாயிற்றுக்கிழமை நீ போன் பண்ணினபோது மனசு தாங்காமல் உன்னிடம் சொல்லிவிட்டேன். பாவம்மா அவங்க என்றாய், பிள்ளைக்கும் மனசு கலங்கிவிட்டது என்று நினைத்தேன். அப்புறம் அவங்க பாய்ல படுத்தத சொன்னாங்களே, அத இன்னொரு வாட்டி சொல்லும்மா என்றாய். நானும் சொன்னேன்.

இப்போது வந்திருக்கிற படத்துக்கு நீ டிக்கெட் அனுப்பினாய், வேன் அனுப்பினாய். அன்பியத்துப் பெண்கள் எல்லாரையும் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன், ஜானட் இறால் கம்பெனியில் லீவு கிடைக்காது என்றாள், என் புள்ள படத்துக்கு நீ வராமலா என்று நான்தான் இழுத்தேன், அவள் மாமியார் மதலேனம்மாளைக் கைபிடித்து வேனில் ஏற்றியதும் நான்தான். படத்தில் சிலுவைமுத்துவை மணலி லாரி டிரைவர் ஆக்கியிருந்தாய், பெயரை மாற்றியிருந்தாய். புருஷனைப் புதைத்துவிட்டு வந்து அந்தப் பெண் பாயை விரித்தாள், ஜானட் சொன்னதை அப்படியே சொன்னாள், ஒரு எழுத்து மாறவில்லை. தியேட்டரே எழுந்து விசில் அடித்தது, பேப்பரைக் கிழித்து எறிந்தார்கள். நன்றாகத்தான் எடுத்திருந்தாய், இல்லை என்று சொல்ல மாட்டேன், யாரென்று தெரியாதவர்களுக்கு அவள் மேல் மரியாதைதான் வரும். ஆனால் எங்கள் வரிசையில் ஒருத்தியும் கை தட்டவில்லை. எனக்குக் காது இரண்டும் எரிந்தது, பக்கத்தில் ஜானட் இருக்கிற பக்கம் திரும்ப முடியவில்லை. அன்றைய அன்பியத்துக்கு வராத மதலேனம்மாளுக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை, இடைவேளையில் பெண்கள் ஜானட்டைப் பார்த்த பார்வையில்தான் தெரிந்துகொண்டாள், இது நீ சொன்னதாடி என்று கேட்டாள், ஜானட் தலையைக் குனிந்துகொண்டாள். வெளியே வந்ததும் ஜானட் என்னிடம் சொன்னது ஒன்றுதான், படம் நல்லாகீதுக்கா, ஜெரி நல்லா எடுத்துகீறான் என்றாள். மறுநாள் நீ போன் பண்ணி, பாய் சீனுக்கு அங்க எப்டிம்மா என்று கேட்டாய். கை தட்டினார்கள் என்று சொன்னேன். பொய் இல்லை, ஆனால் அதைச் சொன்ன எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

அந்த வாரமே மதலேனம்மாள் எண்ணூரில் இருக்கிற சின்ன மகன் வீட்டுக்குப் போய்விட்டாள். அதுவரை ஜானட்டை மருமகள் என்று அவள் சொல்லி நான் கேட்டதில்லை, எம் பொண்ணு என்றுதான் சொல்வாள். ஜானட் பின்னாலேயே போய்க் கூப்பிட்டிருக்கிறாள், எம் புள்ள செத்ததுக்கு நிம்மதியா தூங்குனவ கையால எனக்கு சோறு எறங்காது என்று சொல்லி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாளாம். நான் ஜானட் வீட்டுக் கதவைத் தட்டினேன். திறந்தாள், உட்காரச் சொன்னாள், டீ போட்டுக் கொடுத்தாள். ஜெரியிடம் நான்தான் சொன்னேன் என்று அழுதேன். தெரியும்க்கா, நம்ம சந்துல வேற யாருக்கு டைரக்டர் புள்ள கீறான் என்றாள். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். உன் அப்பாவிடம் சொன்னால் சினிமான்னா அப்டித்தான், பேர மாத்திட்டான்ல, சும்மா பேஜாரு பண்ணாத என்கிறார். திருவிழாவில் உனக்குப் பொன்னாடை போட வேண்டும் என்று பங்குச் சாமியார் வந்து கேட்டுவிட்டுப் போனார், அப்பா அன்றே உனக்கு வேஷ்டி எடுக்கக் கிளம்பிவிட்டார். நான் சாமியாரைத் தனியாகப் பார்த்து இந்த வருஷம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், அப்பாவுக்கு இன்னும் தெரியாது.

ஜெபமாலை மாதம் என்பதால் மாதா சுரூபம் வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறது, நேற்று நம் வீட்டு முறை. முந்தின நாள் ஜானட் வீட்டில் இருந்தது, அங்கிருந்து அவள்தான் தூக்கிக்கொண்டு வர வேண்டும். வர மாட்டாள், யாரிடமாவது கொடுத்து அனுப்பிவிடுவாள் என்று நினைத்து வாசலில் நின்றேன். வந்தாள், பூ வைத்திருந்த மேஜையில் மாதாவை நிதானமாக இறக்கி வைத்தாள், எல்லாரோடும் உட்கார்ந்து ஜெபமாலை சொன்னாள். எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. மன்றாட்டு நேரம் வந்தது. முதலில் உட்கார்ந்திருந்தது ரீட்டா, அவள் பெண் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், வாரா வாரம் அதைச் சொல்லிக் கண்ணீர் விடுகிறவள். மனசுக்குள்ள வேண்டிக்கிறேன் என்றாள். அடுத்தவளும் மனசுக்குள்ள வேண்டிக்கிறேன் என்றாள். அப்படியே வரிசையாக ஒருத்தி விடாமல் அதையே சொன்னார்கள், ஜானட்டும் சொன்னாள். கடைசியில் வீட்டுக்காரி என் முறை. என் வாயால் ஒரு குடும்பம் பிரிந்தது, என்னையும் என் பிள்ளையையும் மன்னியுங்கள் என்று சத்தமாகச் சொல்ல வேண்டும் என்று காலையிலிருந்து நினைத்து வைத்திருந்தேன். சொன்னால் கேட்டருளும் என்று பதில் சொல்ல யாருக்கும் வாய் வராமல் போய்விடுமோ என்று பயந்து நானும் மனசுக்குள்ளே என்று சொல்லிவிட்டேன். சுண்டலைச் சாப்பிட்டார்கள், நல்லாகீது என்று சொன்னார்கள், வரோம்க்கா என்று மரியாதையாகக் கிளம்பினார்கள். சந்தில் இறங்கியதும் அவர்கள் பேச ஆரம்பித்தது உள்ளே எனக்குக் கேட்டது.

இப்போது நான் கேட்பது ஒன்றுதான். நீ வர வேண்டும். வந்ததும் ஜானட் வீட்டுக்குப் போகாதே, அவள் மன்னித்தேன் என்றுதான் சொல்வாள், அதை வாங்கிக்கொண்டு நீ நிம்மதியாக பிளேன் ஏறிவிடுவாய். நேராக எண்ணூருக்குப் போகலாம், நானும் வருகிறேன். மதலேனம்மாள் முன்னால் உட்கார்ந்து, நீ படத்தில் வைக்காமல் விட்டதை நீயே உன் வாயால் சொல்ல வேண்டும், அவளுக்கும் தெரிந்ததுதான், கோபத்தில் மறந்துவிட்டாள். கடைசிக் காலத்தில் சிலுவைமுத்து படுக்கையிலேயே போனதையெல்லாம் முகம் சுளிக்காமல் எடுத்துக் கழுவினவள் ஜானட், ஆஸ்பத்திரியில் அவர் கட்டிலுக்குக் கீழே வெறுந்தரையில் குந்திக்கொண்டே மாதக்கணக்கில் கண் மூடாமல் இருந்தவள், அவரை மண்ணில் வைத்த பிறகுதான் அவளுக்குப் படுக்கப் பாய் கிடைத்தது. இதையும் அதே ஞாயிற்றுக்கிழமை நான் உன்னிடம் சொன்னேன் ஜெரி. நீ இன்னொரு வாட்டி சொல்லச் சொன்னது பாயை மட்டும்தான்.

மாதா உன்னையும் மருமகளையும் தன் முந்தானையில் வைத்துக் காப்பாற்றட்டும், உன் கண்ணுக்கும் கைக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும், நீ எடுக்கிற படமெல்லாம் ஓடட்டும், இதையெல்லாம் நான் மனசாரத்தான் எழுதுகிறேன். வெறும் வயிற்றில் காபியாகக் குடித்துத் தள்ளாதே, சிகரெட்டைக் குறைத்துக்கொள். எண்ணூருக்கு வரும்போது உதவியாளர் யாரையும் கூட்டி வராதே. மதலேனம்மாள் அழுவாள், உன்னைத் திட்டுவாள், நெஞ்சில் அடித்துக்கொண்டு என்னென்னவோ சொல்வாள். நீ தலையைக் குனிந்து கேட்டுக்கொள், ஆனால் அதில் ஒரு வார்த்தையைக்கூட ஞாபகம் வைத்துக்கொள்ளாதே.

உன்னைப் பெற்றவள்,
அ. இருதயம்மாள்