மருந்துக் கடைக்கு வந்த டிரங்க் கால்

9-2-1976, திங்கள்

காலையிலிருந்து லைனில் ஒரே இரைச்சல். மத்தியானம் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மேற்பார்வையாளர் கோதண்டபாணி தன் அறைக்குக் கூப்பிட்டார். உள்ளே மஃப்டியில் ஒரு போலீஸ் அதிகாரி. நெசவாளர் சங்கச் செயலாளர் முனிரத்தினத்தை மிசா சட்டத்தில் உள்ளே போடத் தேடுகிறார்களாம். ஆள் தலைமறைவு. மனைவி செல்லியம்மாள் வீட்டில் போன் கிடையாது. பக்கத்து மருந்துக் கடைக்குத்தான் கால் வரும்.

"வந்தா லைன்லயே இருந்து கேளும்மா. என்ன பேசினாலும் எனக்குச் சொல்லணும்" என்றார் அதிகாரி.

அடுத்தவர் பேச்சைக் கேட்கக் கூடாது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவரே கோதண்டபாணிதான். இன்று சுவரைப் பார்த்துக்கொண்டு, "உன் வேலை இன்னும் பர்மனென்ட் ஆகல, பூவம்மா" என்றார்.

சரி என்றேன். அவ்வளவு சீக்கிரம் சொல்லியிருக்க வேண்டாம்.

11-2

கால் வரவில்லை. நிம்மதி.

13-2, வெள்ளி

வந்தது. திருவண்ணாமலையிலிருந்து, செல்லியம்மாள் பெயருக்கு. இணைப்புக் கொடுத்துவிட்டு விலகவில்லை. கேட்டேன்.

சங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவள் அழுதாள். "குழந்தை வயித்துலயே போயிடுச்சுங்க. நாளைக்கு செவிலிமேட்டுக்கு, அம்மா வீட்டுக்குப் போறேன்."

முனிரத்தினத்தின் மூச்சு மட்டும் கேட்டது. அவள் ஒருத்தி மட்டும் கேட்க வேண்டிய மூச்சு அது. பிறகு சொன்னார்: "ஞாயித்துக்கிழமை அங்க வரேன். உன்னப் பாத்துட்டுப் போயிடறேன்."

அதிகாரியிடம் சொல்லிவிட்டேன். குழந்தை போனதையும் சொன்னேன். அதை எதற்குச் சொன்னேன்?

"அப்ப கண்டிப்பா வருவான்" என்று சிரித்தார்.

16-2

பிடித்துவிட்டார்கள். மாமியார் வீட்டு வாசலிலேயே. மனைவியைப் பார்க்கவும் விடவில்லையாம்.

"எவனோ காட்டிக் குடுத்துட்டான், பாவி" என்றாள் என்னோடு வேலை செய்யும் பொன்னியம்மாள். நானும் தலையாட்டினேன். சீ.

2-3

இனி செல்லியம்மாள் வக்கீலோடு பேசுவதையும் கேட்கச் சொல்லியிருக்கிறார்கள். இன்று மருந்துக் கடையிலிருந்து மெட்ராசுக்கு லைன் கேட்டாள்.

"அக்கா, கொஞ்சம் சீக்கிரம் போட்டுக் குடுங்க. உங்க குரலக் கேட்டாலே தெம்பா இருக்குது."

என்னால் முடியவில்லை.

"போன்ல ஒண்ணும் பேசாதம்மா. வக்கீல நேர்ல போய்ப் பாரு. இங்க ஒட்டுக் கேட்டுக்கினு இருக்காங்க."

"யாருக்கா?"

பொய் வாய் வரைக்கும் வந்தது.

"நான்தாம்மா. அன்னிக்கும் நான்தான் கேட்டுச் சொன்னேன்."

கடையில் யாரோ இருமல் மருந்து கேட்பது காதில் விழுந்தது. அவள் போனை வைத்துவிட்டாள்.

3-3

இனிமேல் கேட்க மாட்டேன் என்று அதிகாரியிடமே சொன்னேன். அவர் கோதண்டபாணியைப் பார்த்தார். கோதண்டபாணி மறுபடி சுவரைப் பார்த்தார்.

20-8

எனக்குப் பின்னால் சேர்ந்த இரண்டு பேருக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. எனக்கு இல்லை. வருத்தப்படக்கூட வெட்கமாக இருக்கிறது.

14-2-1977, திங்கள்

முனிரத்தினத்தை விட்டுவிட்டார்களாம். பாதியாக இளைத்துத் திரும்பியிருக்கிறார் என்றாள் பொன்னியம்மாள்.

சாயங்காலம் மருந்துக் கடையிலிருந்து கால். "வேலூர் ஆஸ்பத்திரிக்கு ஒரு லைன் வேணும்." செல்லியம்மாள் குரல்தான். எந்த நம்பர் என்று கேட்டேன்.

"வேற யாராவது இருந்தாக் குடுங்க."

பொன்னியம்மாளுக்கு மாற்றிக் கொடுத்தேன்.