குழாயடியில் நின்ற உனக்கு

அம்மா,

தீபாவளிக்கு எடுத்த சுடிதாரை இன்று காலை வாளியில் ஊறப்போட்டேன். இது மூன்றாவது அலசல். புதுத்துணிக் கஞ்சி வாசனை இன்னும் போகவில்லை. "அப்படியே உங்கம்மாதான் நீ" என்று உன் மருமகன் சிரித்துவிட்டுப் போனார். முன்பெல்லாம் அதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இன்று வாளி பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பட்டாபிராமில் நாம் இருந்த லைன் வீட்டில், தீபாவளியன்று எல்லாப் பெண்களும் மடிப்புக் கலையாத பாவாடையில் மஞ்சள் தடவிக்கொண்டு வருவார்கள். எனக்கு மட்டும் நீ துவைத்துத் துவைத்துத் தொளதொளவென்று ஆக்கியது. "இன்னாடி, போன வருசத்து துணியா?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்பாள். உன்னிடம் வந்து கத்துவேன். "புதுசு மொரமொரன்னு கீதுடி, ஒடம்பெல்லாம் குத்தும்" என்பாய், அவ்வளவுதான். அது எனக்கும் குத்தும் என்பது உண்மை. அதை ஒப்புக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை.

என் வளைகாப்பு பருத்திப்பட்டில் மாமியார் வீட்டில் நடந்தது. நம் வழக்கத்தில் முதல் வளையலைத் தாய்தான் போட வேண்டும். கூடமெல்லாம் பெண்கள், ஒலிபெருக்கியில் பாட்டு, தட்டுத் தட்டாகக் கண்ணாடி வளையல். "சம்பந்தி எங்க?" என்று மாமியார் நாலு தரம் கேட்டார். நானே வயிற்றைப் பிடித்துக்கொண்டு தேடி வந்தேன். பின்பக்கக் குழாயடியில், முந்தானையைக் காதோடு இறுக்கிச் சுற்றிக்கொண்டு புளிசாத அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாய்.

"இன்னும் ஒண்ணு கீது. தேச்சிட்டு வந்துர்றேன்."

"நீயெல்லாம் ஒரு அம்மாவா?" என்றேன். என் பின்னால் நாத்தனாரும் இன்னும் நாலைந்து பேரும் நின்றிருந்தார்கள். தெரிந்துதான் சொன்னேன்.

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாய். நீ அவசரமாக ஏற்றியதில் முதல் வளையலே உடைந்துவிட்டது. "ஐயையோ, அபசகுனம்" என்று யாரோ சொன்னார்கள். நான் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். அதன்பின் எந்த விசேஷத்துக்கும் நீ வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. நீ சாகும்வரை அப்படியே போயிற்று.

இந்த வருஷம், முப்பத்தெட்டு வயதில், எனக்கு ஆட்டிசம் என்று சொன்னார்கள். துணி குத்துவதும் சத்தம் தாங்காததும் அதனால்தானாம். ஆவடியில் ரயிலேறி ஆஸ்பத்திரிக்கு ஐந்து முறை போய்வந்தேன். சின்ன வயதில் நான் எப்படி இருந்தேன் என்று சொல்ல அம்மா இருக்கிறார்களா என்று டாக்டரம்மா கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு, நானே சொல்ல ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் என்னை விட்டுவிட்டு உன்னைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தேன். துணி, சத்தம், யார் வந்தாலும் சமையலறைக்குள் போய்விடுவது. "பார்க்காதவங்களைப் பத்தி நான் எதுவும் சொல்லக்கூடாதும்மா" என்றார் அவர். சரிதான். எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"உங்க மேலயே கொஞ்சம் இரக்கம் வைங்க. இத்தனை வருஷம் தெரியாமத்தானே திட்டிக்கிட்டீங்க" என்றும் சொன்னார். வைத்துப் பார்க்கிறேன் அம்மா. இரண்டு நாள் நன்றாகத்தான் இருக்கிறது. மூன்றாம் நாள் உன் நினைவு வந்துவிடுகிறது. என்னை மன்னித்துக்கொள்ள எனக்கு ஒரு தாளைக் கொடுத்திருக்கிறார்கள், முத்திரையோடு. உனக்குக் கிடைத்தது என் வாய்தான். எனக்கு மட்டும் சலுகை எடுத்துக்கொள்வது திருட்டுத்தனமாக இருக்கிறது. அதுவும் போக, சத்தம் பொறுக்க முடியாமல் எங்கிருந்தாவது எழுந்து வரும்போதெல்லாம், குழாயடியில் உனக்குச் சொன்ன அதே வார்த்தையைத்தான் நான் எனக்கும் சொல்லிக்கொள்கிறேன்.

போன வாரம் உன் பேத்தியின் பள்ளி ஆண்டுவிழா. அன்று என் வயிற்றில் இருந்தவள், இப்போது ஐந்தாவது படிக்கிறாள். ஒலிபெருக்கி அலறியதும் என்னால் உட்கார முடியவில்லை. வெளியே வந்து சைக்கிள் நிறுத்தும் இடத்தில் நின்றுகொண்டேன். வழக்கம்போல அந்த வார்த்தை தொண்டைவரை வந்தது. அதற்குள் அவள் நடன உடையிலேயே தேடிக்கொண்டு ஓடி வந்தாள்.

"ஏம்மா வெளிய வந்துட்ட?"

கோபமெல்லாம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"சத்தம் தாங்கலடி."

"சரி. நான் ஆடும்போது மட்டும் வா. கடைசி வரிசையில நில்லு, போதும்" என்று சொல்லிவிட்டு ஓடினாள். போய் நின்றேன். பார்த்தேன். அன்று முழுக்க நான் என்னைத் திட்டிக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்தபிறகுதான் அழுதேன். பத்து வயதுப் பெண்ணுக்குக் கேட்கத் தோன்றியது. அந்தக் குழாயடியில் எனக்கு இருபத்தெட்டு வயது. ஏம்மா என்று ஒரு தரம் கேட்டிருந்தால் நீ சொல்லியிருப்பாய்.