வேலிக்கு வெளியே சூசை

என் ஆசை அக்கா மரியாளுக்கு,

உன்மேல் எனக்கு இருக்கும் கோபத்தை முதலில் எழுதிவிடுகிறேன். மற்ற செய்தியெல்லாம் அப்புறம். பிரசவத்துக்கு வந்த வீட்டில், வெயில் ஏறுகிற நேரத்தில், என் மடியில் தலையை வைத்துக்கொண்டு, "கொஞ்சம் கண்ண மூடிக்கறேன்டி" என்றாய். மூடினாய். திறக்கவே இல்லை. இதற்குப் பெயர் கொஞ்சமா?

நீ இருந்தவரை எனக்கும் சேர்த்து நீதான் பேசினாய். கடையில் உப்பு கேட்டது நீ. அம்மா செத்து என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினபோது நைனாவிடம் சண்டை போட்டது நீ. கல்யாணமாகிப் போன பிறகும், வருகிற போதெல்லாம் என் சார்பில் யாரிடமாவது பேசிவிட்டுத்தான் போவாய். இந்தத் தடவை பேசவேண்டியதை எல்லாம் மிச்சம் வைத்துவிட்டு, வாயில்லாத என்னிடம் விட்டுவிட்டுப் போய்விட்டாய். அதனால்தான் எழுதுகிறேன். இதை யார் படித்தாலும் படிக்கட்டும். நம் கோயில் உபதேசியார் படித்தாலும் சரி.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது அக்கா. உன் பிள்ளை உயிரோடுதான் பிறந்தான்.

நீ மயங்கிக் கிடந்தாய். பின்தெரு மருத்துவச்சி முனியம்மா அத்தைதான் அவனை வெளியே எடுத்தாள். ஈரத்துணியைப் பிழியும்போது கேட்குமே, அந்த அளவுக்கு ஒரு சத்தம் போட்டான். அவ்வளவுதான் அவனுக்கு முடிந்தது. அத்தை அவனைக் கவிழ்த்துத் தட்டினாள், வாயைத் துடைத்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "பாப்பா, இது நிக்காது. உங்க சாமிக்கு இன்னா செய்யணுமோ சட்டுனு செய்" என்றாள். சொல்லிவிட்டு உன் பக்கம் ஓடினாள். உனக்கு ரத்தம் நிற்கவில்லை.

குடத்திலிருந்து சொம்பில் மொண்டேன். அவன் தலையில் ஊற்றினேன். நெற்றியிலிருந்து காதோரமாக ஓடி என் மணிக்கட்டு வழியே கீழே சொட்டியது. "சூசை, பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்" என்றேன். ஒரு வார்த்தைகூடப் பிசகவில்லை. சூசை என்ற பெயர் நீ வைத்திருந்ததுதானே? அதற்கு அப்புறமும் அவன் நெஞ்சு ஏறி இறங்கியது. பிறகு நின்றது. உனக்கும் அப்போதுதான் மூச்சு நின்றது என்று அத்தை சொன்னாள்.

எனக்கு எப்படி வாய் வந்தது என்று நீ கேட்பாய். எல்லாம் அந்த ஆட்டுக்குட்டியால்தான்.

ஞாபகம் இருக்கிறதா? ஞானோபதேச வகுப்பில் உபதேசியார் ஒரு தேங்காயை மடியில் வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தார். பிள்ளை பிழைக்காது, சாமியார் பக்கத்தில் இல்லை என்றால் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். உயிர் இருக்கும்போதே கொடுக்கவேண்டும், தண்ணீர் தலையில் ஓடவேண்டும், வார்த்தை மாறக்கூடாது. ஒவ்வொருவராகத் தேங்காய்க்கு ஊற்றிச் சொல்ல வைத்தார். என் முறை வந்ததும் எனக்குச் சத்தமே வரவில்லை. "போ போ, உன் தேங்கா செத்தே போச்சு" என்றார். வகுப்பே சிரித்தது.

சாயங்காலம் நீ என்னைக் கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு போனாய். "ஆட்டு முன்னாடியாவது வாயத் தொறடி" என்றாய். நான் தண்ணீரை ஊற்றி, கணீரென்று முழுசாகச் சொன்னேன். பின்னால் நைனா நின்றுகொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் புளியமிலாறு பிய்ந்துபோக அடி விழுந்தது. ஊரே சிரித்தது. அப்புறம் அந்த ஆட்டைக் கிறிஸ்துமசுக்கு அறுக்க நைனாவுக்கே மனசு வரவில்லை, வல்லத்துக்காரர் ஒருவரிடம் விற்றுவிட்டார். அந்தக் குட்டியிடம் பழகிய வாய்தான் அக்கா, உன் பிள்ளையிடம் திறந்தது.

அதே ஆட்டை வைத்துத்தான் என் வாயை அடைத்தார்கள்.

அன்றைக்குச் சாமியார் ஊரில் இல்லாததால், மத்தியானம் உபதேசியார்தான் வீட்டுக்கு வந்தார். குழி வெட்ட ஆள் அனுப்பிவிட்டுத்தான் வந்தார். "புள்ள செத்துப் பொறந்துதா?" என்று நைனாவைக் கேட்டார். நைனா உன் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதுவும் காதில் விழவில்லை. நான் கதவு ஓரத்திலிருந்து சொன்னேன், "உயிரோட இருந்துது. தண்ணி ஊத்தினேன்." திரும்பவும் சொன்னேன். அவர் என்னைப் பார்த்து, "யாரு, நீயா? கூப்ட்டா குரல் வராது, நீ ஞானஸ்நானம் குடுத்தியா? ஆட்டுக்குட்டிக்கு ஊத்துனவதான நீ?" என்றார். முனியம்மா அத்தை, "நான் பாத்தேன் வாத்தியாரே" என்றாள். "நீ சும்மா இரும்மா. உனக்கு இன்னா தெரியும் இதெல்லாம்?" என்று அவளையும் அடக்கிவிட்டார்.

உன்னைக் கல்லறைத் தோட்டத்துக்கு உள்ளே வைத்தார்கள். அம்மாவுக்குப் பக்கத்தில். அவனை உன் பழைய புடவையில் சுற்றி, கள்ளிவேலிக்கு வெளியே, மலையிலிருந்து உருண்டு கிடக்கிற அந்தப் பெரிய பாறை ஓரமாகப் புதைத்தார்கள். ஞானஸ்நானம் ஆகாத பிள்ளைக்கு அங்கேதான் இடமாம். உனக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு வேலி. உன் பால் நனைத்த ரவிக்கையை நான்தான் மாற்றிவிட்டேன் அக்கா. அந்தப் பால் யாருக்கு வந்தது?

அதற்கு அப்புறம் வந்த ஒவ்வொருவரும் எனக்குச் சொன்ன வார்த்தை ஒன்றே ஒன்று: சமாதானமா இரு. அரிசிக்கு வரிசையில் நின்றால் முன்னால் நிற்கிறவள் திரும்பிச் சொல்வாள், "சமாதானமா இரு பாப்பா. யுத்த காலம், எல்லா வீட்லயும் சாவுதான்." கோயில் பெருக்கப் போனால் அங்கேயும் அதே. ஆண்டவர் தருகிற சமாதானத்தையா இவர்கள் சொன்னார்கள்? பேசாமல் கிட என்பதைத்தான் அப்படிச் சொன்னார்கள். நான்தான் பிறந்ததிலிருந்து பேசாமல் கிடக்கிறேனே. இன்னும் என்ன வேண்டும்?

பர்மா பக்கம் இருக்கிற மாமாவுக்கு, உன் புருசனுக்கு, நைனா கடிதம் எழுதச் சொன்னார். உன்னைப் பற்றி எழுதினேன். பிள்ளை பிறந்து இறந்தான் என்று எழுதினேன். எங்கே கிடக்கிறான் என்று எழுதக் கை வரவில்லை. பட்டாளத்தில் இருக்கிற மனுசனிடம், உங்கள் மகனை வெளியே போட்டுவிட்டோம் என்று எப்படி எழுதுவது?

ஒரு நாள் மத்தியானம், மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்த கொல்லையிலிருந்து நேராகக் கோயிலுக்குப் போனேன். யாரும் இல்லை. பீடத்துக்கு முன்னால் முழங்காலில் நின்றேன். செபமாலை எடுக்கவில்லை. சண்டை போடத்தான் போனேன். "நீர் பார்த்தீரா, இல்லையா?" என்று கேட்டேன். "அத்தை பார்த்தாள். நீர் எங்கே போனீர்? அக்காவையும் எடுத்தீர், பிள்ளையையும் எடுத்தீர், வேலிக்கு வெளியே போட்டபோது ஒரு வார்த்தை சொன்னீரா?" எவ்வளவு நேரம் திட்டினேன் என்று தெரியாது. தொண்டை கட்டிவிட்டது.

எழுந்திருக்கும்போது சுவரில் இருக்கிற சிலுவைப்பாதைப் படங்களைப் பார்த்தேன். தவசு காலத்தில் எத்தனை தடவை அதன் முன்னால் நின்றிருக்கிறேன். அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. அவரையும் ஊருக்கு வெளியேதான் கொண்டுபோயிருக்கிறார்கள். மதில் பின்னால் தெரிகிறது. அவர் வெளியே இருக்கிறார்.

அப்போது அந்தத் தண்ணீர் என் மணிக்கட்டில் ஓடினது திரும்பவும் தெரிந்தது. ஓடினது ஓடினதுதானே? உபதேசியார் இல்லை என்று சொன்னதால் அது குடத்துக்குத் திரும்பிப் போய்விடுமா? சூசையை வெளியே வைத்தால் ஆண்டவர் அங்கே அவனோடு இருப்பார். இதை நினைத்ததும் எனக்குள் ஏதோ ஒன்று அடங்கி உட்கார்ந்தது. ஊர் சொன்ன சமாதானத்தில் இது சேராது. கோபம் அப்படியே இருந்தது. ஆனால் பல நாளைக்கு அப்புறம் அன்றைக்குச் சோறு தின்றேன்.

கல்லறைத் திருநாள் வந்தது. பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓட்டிக்கொண்டிருந்த பஸ்ஸும் இப்போது வருவதில்லை. சாமியார் மாட்டு வண்டியில் மழையோடு வந்து சேர்ந்தார். சாயங்காலம் எல்லோரும் அவரவர் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். இந்த வருசம் மெழுகுவர்த்தி கிடைப்பதே பாடு. எங்களுக்கு ஒன்றுதான் கிடைத்தது. நைனா அதை உனக்கென்று வாங்கி வந்தார். அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு வேலிக்கு வெளியே போனேன். பாறை ஓரத்தில் ஏற்றி, காற்றுக்குக் கையால் மறைத்துக்கொண்டு நின்றேன். பேசத்தான் தெரியாது, நிற்கத் தெரியுமே. முனியம்மா அத்தையும் வந்து என் பக்கத்தில் நின்றாள்.

சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வந்தார். உபதேசியார் தண்ணீர்ச் செம்பைப் பிடித்துக்கொண்டு கூட வந்தார். என்னைப் பார்த்துவிட்டு, "அங்க இன்னா பண்றே? எல்லாரும் பாக்கறாங்க, உள்ள வா" என்றார்.

"கொழந்த இங்கதான இருக்குது. அது எங்க வரும்?" என்றாள் அத்தை.

சாமியார் நின்றார். "யார் பிள்ளை?"

"ஞானஸ்நானம் ஆகாத புள்ள சாமி" என்றார் உபதேசியார்.

"ஆச்சு" என்றேன். அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. உள்ளே நின்றவர்கள் எல்லோரும் திரும்பினார்கள்.

"சாமி, இவ ஆட்டுக்குட்டிக்கே ஞானஸ்நானம் குடுத்தவ" என்றார் அவர். சிலர் சிரித்தார்கள்.

"அப்படியா?" என்று சாமியார் என்னைக் கேட்டார்.

"ஆமா சாமி. உபதேசியாரு தேங்காய்க்குக் குடுத்தாரு. நாங்க ஆட்டுக்குக் குடுத்தோம். அதெல்லாம் படிச்சது. இது எங்க அக்கா புள்ள."

சாமியாருக்கு இருமல் வந்தது. இருமித் தீர்ந்ததும் ஒவ்வொன்றாகக் கேட்டார். எந்தத் தண்ணீர்? குடத்துத் தண்ணி சாமி. தலையில் ஓடினதா? ஓடிச்சு சாமி, என் கையில சொட்டுச்சு. அப்போது உயிர் இருந்ததா? இருந்துது சாமி. என்ன சொன்னாய், சொல். எல்லோர் முன்னாலும் சொன்னேன். ஒரு வார்த்தைகூடப் பிசகவில்லை.

"பார்த்தது யார்?"

"நான்தான் சாமி" என்றாள் அத்தை. "மலையனூரு ஆத்தா மேல சத்தியமா, மூச்சு இருக்கச்சொல்லதான் பாப்பா தண்ணி ஊத்திச்சு."

"அது வேற சாமி மேல சத்தியம் பண்ணுது" என்று உபதேசியார் முணுமுணுத்தார்.

"கண்ணால் பார்க்கிறதுக்கும் ஞானஸ்நானம் வேணுமா உபதேசியாரே?" என்றார் சாமியார். பிறகு என்னிடம் சொன்னார்: "செல்லும். நல்லாச் செய்திருக்கே." வேலிக்கு மேலாகவே கையை நீட்டி, பாறை ஓரத்து மண்ணில் தீர்த்தம் தெளித்தார். "மந்திரிச்சாச்சு. இனி உள்ள, வெளிய எல்லாம் ஒண்ணுதான். சமாதானமா வீட்டுக்குப் போ."

மறுபடியும் அதே வார்த்தை. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"போவமாட்டேன் சாமி" என்றேன். "அவன உள்ள கொண்டு வரணும். அவனுக்கு இன்னா கொற, அவங்கூட ஆண்டவரு இருக்காரு. எங்க அக்காவுக்குத்தான் புள்ள இல்ல. பால் கட்டிக்கிட்டு உள்ள தனியாக் கெடக்குறா."

மழைத் தூறல் மெழுகுவர்த்தியில் விழுந்து சீறியது. சாமியார் உன் கல்லறை இருக்கும் பக்கம் திரும்பிப் பார்த்தார். "சரி. நாளைக்குப் பூசை முடிந்ததும்" என்றார். நீ போனதிலிருந்து வாயே திறக்காத நைனா, "மம்முட்டிய நான் எடுத்தாறேன் சாமி" என்றார்.

அப்படியே நடந்தது அக்கா. நைனா தோண்டினார். அந்தப் புடவை மூட்டையை நான்தான் உள்ளே தூக்கி வந்தேன். ஒரு கை போதும், அவ்வளவு இலேசு. ஆனாலும் இரண்டு கையாலும் தூக்கினேன். உன் பக்கத்தில் வைத்தோம். உபதேசியாரும் வந்தார். மழையில் நைனாவுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றார். தப்புச் செய்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. எனக்கும் மன்னிக்க வரவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் அதைச் சொன்னேன். முயற்சி செய் என்றார் சாமியார். செய்கிறேன் என்றேன். பொய் இல்லை, மெதுவாகச் செய்கிறேன்.

அன்றைக்கே மாமாவுக்கு இன்னொரு கடிதம் எழுதினேன். உங்கள் மகன் பெயர் சூசை, அவன் அம்மா பக்கத்தில் இருக்கிறான் என்று எழுதினேன். எழுதும்போதுதான் அழுகை வந்தது. உன் சாவுக்குக்கூட வராத அழுகை.

அக்கா, உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அடுத்த வருசம் மெழுகுவர்த்தி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் உங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே வெளிச்சம் நான் ஏற்றுவேன். இன்னொன்று. இனி நம் தெருவில் எந்த வீட்டில் பிரசவம் என்றாலும் முனியம்மா அத்தையோடு நானும் சொம்பை எடுத்துக்கொண்டு போவேன். பிள்ளை நன்றாக அழுதால் அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு வருவேன். அழாவிட்டால் அந்த வார்த்தையைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்வேன். கேட்கவில்லை என்று எவரும் சொல்ல முடியாது.

இப்படிக்கு,
உன் தங்கை,
யாரும் கூப்பிடாவிட்டாலும் உன் சூசைக்குச் சின்னம்மா,
ரோசு