நீலப் பட்டைகளை எண்ணிய வகுப்பு

அன்பு மகளுக்கு,

நானும் அப்பாவும் நலம். நீ நலமென்று நேற்றுகூட ஃபோனில் சொன்னாய், இருந்தாலும் கடிதத்தில் கேட்டால்தான் எனக்குக் கேட்ட மாதிரி இருக்கிறது. குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, பிளம்பர் நாளைக்கு நாளைக்கு என்று இழுத்தடிக்கிறார். ஃபோன் அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்திலேயே இருப்பதால் அதில் சொல்ல முடியாத ஒன்றை எழுதுகிறேன்.

இரண்டு மாதம் முன்பு ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். கடல் எப்படி அசுத்தமாகிறது என்று கரும்பலகையில் எழுதிப்போட்டால் கொட்டாவி விடுகிறார்கள், அதனால் மணலில் கயிறு கட்டி, நாலு பேருக்கு ஒரு கட்டம் என்று பிரித்து, உள்ளே கிடப்பதையெல்லாம் பொறுக்கி வகைபிரித்து எண்ணச் சொன்னேன். மூடி, உறை, வலைத்துண்டு எல்லாம் இருந்தது, ஆனால் எல்லாக் கட்டத்திலும் அதிகம் கிடந்தது பெட்டி கட்டும் நீலப் பிளாஸ்டிக் பட்டைதான், மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு. அது எங்கேயிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அடுத்த பாடம். எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, நம் வீட்டுப் பழைய செய்தித்தாள்களை அப்பா அந்தப் பட்டையால்தானே கட்டுவார். மீன் கம்பெனியில் பெட்டி கட்டும் பிரிவுக்கு அவர்தான் மேற்பார்வையாளர் என்பது பிள்ளைகளுக்குத் தெரியாது. வாயாடி என்று பெயரெடுத்த பெண் ஒருத்தி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "டீச்சர், உங்களுக்குத் தெரியும்போல இருக்கே" என்றாள். பொய் சொல்ல நாக்கு வரவில்லை. என் வீட்டுக்காரர் வேலை செய்யும் இடத்திலிருந்து என்று சொல்லிவிட்டேன்.

பிள்ளைகள் ஒரு பட்டையை ஒட்டிக் கம்பெனிக்குக் கடிதம் எழுதினார்கள், அது சுற்றிச் சுற்றி அப்பாவின் மேசைக்கே வந்தது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, சாப்பிட்டார், தட்டைக் கழுவி வைத்தார், அவ்வளவுதான். மூன்றாம் நாள், "எங்கிட்ட முதல்ல சொல்லியிருக்கலாமே" என்றார். சொல்லியிருக்கலாம்தான், ஒத்துக்கொண்டேன். அன்றே அவர் பெட்டி கட்டும் கொட்டகைக்குப் பின்னால் போய்ப் பார்த்திருக்கிறார். தரையைக் கழுவும்போது வெட்டிப்போட்ட பட்டைகளையும் சேர்த்துக் கால்வாயில் தள்ளிவிடுகிறார்கள், கால்வாய் நேரே கடலுக்குப் போகிறது. பதினோரு வருஷமாக அந்த வழியாக நடந்தும் குனிந்து பார்க்கவில்லையே என்றார். கால்வாய் வாயில் கம்பி வலை போட்டு, பட்டைக்குத் தனிப் பீப்பாயும் வைத்தார். மேலாளரைக் கேட்காமல் செய்ததற்காக அவரை வாசலில் வண்டிகளைப் பதிவேட்டில் எழுதும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். வலையை மட்டும் யாரும் கழற்றவில்லை.

போன சனிக்கிழமை மறுபடி எண்ணினோம். கூப்பிடாமலே அப்பா வந்து தள்ளி நின்றார். அந்த வாயாடிப் பெண் கையுறையை நீட்டி, எங்கள் கட்டத்தில் ஒரு ஆள் குறைகிறது, வாருங்கள் என்று இழுத்துவந்துவிட்டாள். முட்டிவலியோடு மண்டியிட்டு ஒரு மணி நேரம் பொறுக்கினார். நீலப் பட்டை மொத்தம் நாற்பத்தொன்று. இதெல்லாம் வலை போடுவதற்கு முன்னால் வந்த பழசாக இருக்கும், கணக்கில் சேர்க்க வேண்டுமா என்று நான் இழுத்தேன். "நாப்பத்தொண்ணுன்னே எழுது" என்றார்.

வேலை மாறியதை அவராகச் சொல்லும்வரை நீ கேட்காதே. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது முதலில் அவரிடம் பேசு, என்னிடம் பிறகு பேசிக்கொள்ளலாம். வேளைக்குச் சாப்பிடு. நோய்நொடி அண்டாமல், நினைத்தது கைகூடி நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா