நான் தள்ளிவைத்த உன் டெஸ்ட்

என் மேசைமேல் ஒரு சர்க்யூட் போர்டு கிடக்கிறது. உள்ளங்கை அளவுதான். செவ்வாய்க்கிழமை பார்சலைப் பிரித்ததிலிருந்து அறை முழுக்க ஏலக்காய் வாசனை. அதோடு புகை வாசனையும் சேர்ந்து வருகிறது. ஜன்னலைத் திறந்து வைத்தும் போகவில்லை. அம்மா மாடிக்கு வந்து, "என்னத்தா இது, பாயசம் வைக்கிறியா, வீட்டக் கொளுத்துறியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்று சனிக்கிழமை. இத்தனை நாளும் ஒரு பயம். அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

நீ போய்ப் பத்து மாதம் ஆகிறது. இதுவரை உனக்கு ஒரு வரிகூட நான் எழுதவில்லை. எழுதினால் நீ இல்லை என்பது உறுதியாகிவிடுமோ என்று பயம். எனக்கு எதற்குத்தான் பயமில்லை? பல்லிக்குப் பயம், மானேஜருக்குப் பயம், தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் பயம். "ஒன்னய மாதிரி பயந்தாங்கொள்ளிக்குத்தான்டி புரோகிராமுக்கு டெஸ்ட் எழுத வரும். தைரியசாலி எழுதுனா அது டெஸ்ட் இல்ல, விளம்பரம்" என்பாய். அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா, கிண்டலாக எடுத்துக்கொள்வதா என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை.

நம் வேலை என்னவென்று உத்தமபாளையத்தில் யாருக்கும் விளக்க என்னால் முடிந்ததில்லை. நீதான் ஒருநாள் இதே மாடியில் உட்கார்ந்து என் அத்தாவுக்குச் சொன்னாய். "அத்தா, மெசினுக்குள்ள ஒரு புரோகிராம் ஓடுதுல்ல, அது ஓடுறப்பவே நாடி பிடிச்சுப் பாக்குற கருவிதான் டீபக்கர். வேணும்னா நிறுத்தியும் பாக்கலாம்." அத்தா தாடியைத் தடவிக்கொண்டு, "அப்ப நீங்க ரெண்டு பேரும் வைத்தியச்சிகன்னு சொல்லு" என்றார். ராயப்பன்பட்டியிலிருந்து ஸ்கூட்டரில் காலையிலேயே வந்துவிடுவாய். உன் வீட்டில் நெட் வராது, என் வீட்டில் அம்மாவின் பருப்புச் சோறும் உண்டு. தட்டில் ஒரு கை, லேப்டாப்பில் ஒரு கை. "சோத்துல கைய வைக்கிறப்பவாவது அந்தப் பொட்டிய மூடுங்களேன்" என்று அம்மா திட்டாத நாள் கிடையாது.

நம் கம்பெனி ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர்களுக்கு போர்டு செய்கிறது. ஸ்டோரில் விறகு அடுப்பு எரியும். அந்தச் சூட்டை ப்ளோயர் தள்ளிக்கொண்டுபோய்த் தட்டுகளில் பரப்பிய காய்களை உலர்த்தும். ப்ளோயர் எப்போது, எவ்வளவு வேகத்தில் சுற்ற வேண்டும் என்பதை போர்டு பார்த்துக்கொள்ளும். மலையில் அந்த போர்டுகளைப் பழுது பார்ப்பவர்கள் எல்லாரும் பழைய டீபக்கரில் கை பழகியவர்கள். புதியது வந்தபோது கட்டளைகள் மாறிப் போயின. பழையதில் 'எஸ்' என்ற ஓர் எழுத்தை அடித்தால் போர்டு எப்படி இருக்கிறது என்று காட்டும். புதியதில் அதே எழுத்து போர்டையே நிறுத்திவிடும். பழகின விரலுக்கு இது தெரியுமா? அதனால்தான் நீ 'பழைய முறை' என்று ஒன்றை எழுதினாய். அதைப் போட்டுவிட்டால் புதிய டீபக்கரும் பழைய கட்டளைகளுக்குப் பழைய அர்த்தத்திலேயே பதில் சொல்லும். சரியாகச் சொல்கிறதா என்று சோதிக்கும் டெஸ்டுகளை எழுதுவது என் வேலை. ஒவ்வொரு கட்டளையையும் தானாகவே அடித்துப் பார்த்து, பதில் சரியென்றால் பச்சை, தப்பென்றால் சிவப்பு. நூற்றுச் சொச்சம் டெஸ்ட் நான் எழுதினேன். ஒன்றே ஒன்றை மட்டும் நீ எழுதினாய்.

அது எப்படி வந்தது என்று நினைவிருக்கிறதா? மானேஜருக்கு வீடியோவில் காட்டிக்கொண்டிருந்தேன். எல்லாம் பச்சை. எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்த நேரம். நீ பின்னாலிருந்து வந்து போர்டின் வயரைப் பிடுங்கிவிட்டாய். திரை அப்படியே செத்துப்போனது. மானேஜர் "என்னாச்சு, என்னாச்சு?" என்கிறார். எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது.

"ஒனக்கென்னடி கிறுக்கா?" என்று கத்தினேன்.

"மேகமலையில மின்னல் வெட்டுனா ஒங்கிட்டக் கேட்டுட்டா கரெண்டு போகும்? வயரு போயி திரும்ப வந்தா என்ன ஆகும்னு ஒன் நூறு டெஸ்ட்டுல ஒண்ணாவது கேக்குதா?"

கேட்கவில்லை. என் டெஸ்ட் ஒவ்வொன்றும் முதலில் பழைய முறையைப் போட்டுவிட்டுத்தான் கட்டளையை அடிக்கும். நடுவில் எதுவும் அறுந்துபோகும் என்று நான் நினைத்ததே இல்லை. அன்று சாயங்காலமே நீ உட்கார்ந்து எழுதினாய்: இணைப்பை நடுவில் அறுத்து, திரும்ப ஒட்டி, 'எஸ்' அடித்துப் பார்க்கும் டெஸ்ட். அது ஒரு தடவை பச்சை காட்டியது, மறு தடவை சிவப்பு. எனக்கு எரிச்சல். "ஒன் டெஸ்ட்டுக்கே புத்தி ஸ்திரமில்ல" என்றேன். நீ சிரிக்கவில்லை. "இல்ல புள்ள. எங்கயோ ஒண்ணு ஒளிஞ்சிருக்கு. நான் எழுதுனதுலதான் இருக்கும். கண்டுபிடிக்கிறேன். அதுவரைக்கும் அதத் தொடாத" என்றாய்.

அடுத்த வாரம் உனக்குக் காய்ச்சல். ஒன்பது நாள். அவ்வளவுதான். அந்த ஒன்பது நாளைப் பற்றி எழுத என்னால் ஆகாது.

நீ எழுதிய டெஸ்டில் உன் பெயர் இருக்கும். ஓடிய டெஸ்டுகளின் பட்டியலில், தவறியதற்குப் பக்கத்தில் எழுதியவர் பெயரும் வரும். உன்னைக் கல்லறையில் வைத்துவிட்டு வந்த அடுத்த திங்கட்கிழமை லேப்டாப்பைத் திறந்தால், சிவப்பில் உன் பெயர். செவ்வாய் இல்லை, புதன் மறுபடியும். ஒவ்வொரு காலையும் இன்றைக்கு வருமா வராதா என்று பயந்துகொண்டே திறப்பேன். மானேஜரும் "இந்த வாரம் வெளியிடணும், ஏன் இன்னும் சிவப்பு?" என்று கேட்டுவிட்டார். ஒரு வரி சேர்த்தேன். இந்த டெஸ்டை இப்போதைக்கு ஓட்ட வேண்டாம் என்கிற வரி. பக்கத்தில் 'பிறகு பார்க்கலாம்' என்று ஒரு குறிப்பும் எழுதினேன். எல்லாம் பச்சையானது. வெளியிட்டார்கள். நானும் பிறகு பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை வந்த பார்சலை அனுப்பியது உன் தம்பி அருள். நீ போனபின் அவன் நம் கம்பெனியிலேயே பழுது பார்க்கச் சேர்ந்துவிட்டான். "அக்கா எழுதுனதுல வேல பாக்கணும்" என்று அடம்பிடித்துச் சேர்ந்தான். போர்டோடு ஒரு பென்டிரைவும், ஒரு துண்டுச் சீட்டும். 'திடீர்னு நின்னுருச்சு. பாத்துச் சொல்லுங்கக்கா.' அவன் அடித்த கட்டளைகளெல்லாம் பென்டிரைவில் வரிசையாக இருந்தன. பழைய முறையைப் போட்டிருக்கிறான். ஒழுங்காக வேலை பார்த்திருக்கிறான். பிறகு இணைப்பு அறுந்திருக்கிறது. மூன்று நொடியில் தானாக ஒட்டியிருக்கிறது. அதற்குப் பின் 'எஸ்'. அதோடு சரி, அதன்பிறகு ஒரு வரியும் இல்லை.

நான் சேர்த்த அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு உன் டெஸ்டைப் பத்துத் தடவை ஓட்டினேன். நாலு தடவை சிவப்பு. இணைப்பு திரும்பி வரும்போது சில சமயம் பழைய முறை கழன்று போகிறது, அதைத் திரையில் சொல்லுவதும் இல்லை. நீ சொன்னபடி ஓட்டை நீ எழுதியதில்தான் இருந்தது. அது ஓட்டை என்று காட்டிய டெஸ்டும் நீ எழுதியதுதான். வாயைப் பொத்தியது மட்டும் நான்.

போர்டு நின்றால் ப்ளோயர் நிற்கும். அடுப்பு நிற்காது. புகை வாசனைக்கு அப்போதுதான் எனக்கு அர்த்தம் புரிந்தது.

சீட்டு எழுதியபின் அவன் வேறு போர்டிலும் அதே டீபக்கரை மாட்டியிருந்தால்? அருளுக்குப் போன் அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. திரும்பத் திரும்ப அடித்தேன். பிறகு மானேஜரைக் கூப்பிட்டு, யாரும் எந்த ஸ்டோரிலும் டீபக்கரை மாட்ட வேண்டாம் என்று சொல்லச் சொன்னேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன். அவர், "சரி, முதல்ல எல்லாருக்கும் சொல்லிடறேன். உங்ககிட்ட அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டார். அந்த 'அப்புறம்' இன்னும் வரவில்லை.

வேறு வழியில்லாமல் உன் அம்மாவுக்கு அடித்தேன்.

"அருளா? மேல ஸ்டோருக்குப் போயிருக்கான்த்தா. அங்கன டவரு கெடையாதுல்ல. மூணு நாளா அவங்கிட்டருந்து போனே இல்ல." பிறகு, "ஏத்தா, ஒங் கொரலு ஏன் ஒரு மாதிரியா இருக்கு?" என்றார்.

"சளிம்மா" என்றேன். ஒரு பிள்ளையை மண்ணுக்குக் கொடுத்தவரிடம் வேறு என்ன சொல்வது? போனை வைத்துவிட்டு அத்தாவிடம் போய், மலைக்குப் போகணும் என்றேன்.

மறுநாள் விடிந்ததும் அத்தாவின் வண்டியில் கிளம்பிவிட்டோம். சின்னமனூர் தாண்டி மலை ஏறினோம். வளைவுகளில் வண்டி குலுங்கியபோதெல்லாம் நான் தெரிந்த துவாவையெல்லாம் ஓதினேன். நடுவில் உன் மாதாவையும் கூப்பிட்டேன். யார் காதிலாவது விழட்டும் என்றுதான். அவனுக்கு ஏதாவது ஆகியிருந்தால் திரும்பி இறங்கி உன் அம்மாவின் முகத்தைப் பார்ப்பது எப்படி என்ற ஒன்றைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

அருள் ஸ்டோர் வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. பிறகு கவனித்தேன், டீ கிளாஸ் இடது கையில் இருந்தது. வலது கையில் மணிக்கட்டுவரை கட்டு.

"யக்கா! நீங்க எங்க இம்புட்டுத் தூரம்? அத்தாவையும் இழுத்துட்டு வந்துருக்கீக!"

"கையில என்னடா?"

"ஒண்ணுமில்லக்கா. லேசாச் சுட்டுருச்சு."

"லேசாவா?" என்று உள்ளேயிருந்து வந்தார் ஸ்டோர் மேஸ்திரி. "ப்ளோயரு நின்னுபோச்சு. தம்பி கரெண்டுதான் போச்சுன்னு பியூஸப் பாக்கக் கீழ போயிட்டாப்ல. அதுக்குள்ள அடித்தட்டுல காயி கருகிப் புகைய ஆரம்பிச்சிருச்சு. உள்ள நாலு பொம்பளையாளுக வேல பாத்துக்கிட்டு இருந்தாக. தம்பிதான் ஓடியாந்து எரியிற கட்டைய வெறுங்கையால இழுத்துப் போட்டாப்ல. இல்லன்னா ஸ்டோரே போயிருக்கும்."

அந்த நாலு பெண்களும் அப்போதும் உள்ளே காய் புடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி என்னைப் பார்த்துச் சிரித்தாள். என்னால் திருப்பிச் சிரிக்க முடியவில்லை.

அருள் என்னைத் தனியாக அழைத்துக்கொண்டு போனான். "அம்மாட்டச் சொல்லிறாதீகக்கா. அக்காவுக்கு அப்பறம் ஒரு சின்னச் சத்தத்துக்கே ஒடுங்கிப் போயிருது" என்றான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "நாந்தான் எதையோ தப்பா அடிச்சிட்டேன்க்கா. அக்கா எழுதுனத எனக்கு ஒழுங்கா ஓட்டத் தெரியல. அவ பேரக் கெடுத்துட்டேன்" என்றான்.

அப்போதும் என் புத்தி எங்கே போனது தெரியுமா? பேசாமல் இருந்துவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். மறைக்க மாட்டேன், உன்னிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது. நினைத்தேன். பிறகு சொன்னேன்.

"நீ தப்பா அடிக்கல அருளு. வயரு போயி வந்தா இப்படி ஆகும்னு ஒங்கக்கா கண்டுபிடிச்சு டெஸ்ட் எழுதி வச்சிருந்தா. தொடாதன்னு சொல்லிட்டுப் போனா. நாந்தான் அத ஓட விடாம வச்சேன். அவ பேரு தெனமும் சிவப்புல வந்துச்சு. என்னால பாக்க முடியல."

அடிப்பான், குறைந்தபட்சம் திட்டுவான் என்று நின்றேன். அவன் கட்டுப் போட்ட கையைப் பார்த்தான்.

"அப்ப நான் தப்பா அடிக்கலயாக்கா?" என்றான். முழங்கையால் முகத்தை மறைத்துக்கொண்டு சின்னப் பிள்ளைபோல அழுதான். அவன் திட்டியிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

நேற்று அந்த ஓட்டையை அடைத்துவிட்டேன். இரண்டு வரிதான், உனக்கு அரை நாள் பிடித்திருக்காது. உன் டெஸ்ட் இப்போது எத்தனை தடவை ஓட்டினாலும் பச்சை. சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. என் வாழ்நாளெல்லாம் பல்லிக்கும் மானேஜருக்கும் பயந்திருக்கிறேன், பயப்பட வேண்டிய ஒன்றே ஒன்றைத்தான் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிப் போயிருக்கிறேன்.

நாளைக் காலை சர்ச்சில் பூசை முடிகிற நேரத்துக்கு ராயப்பன்பட்டிக்குப் போகிறேன். உன் அம்மாவிடம் சொல்லலாமா என்று மலையிலேயே அருளிடம் கேட்டுவிட்டேன். வேண்டாம் என்றான், பிறகு "நீங்க சொன்னாத்தான் சரி" என்றான். அவனும் இறங்கி வருகிறான், ஆனால் மத்தியானம்தான் வந்து சேருவான். அதற்கு முன்னால் நான் சொல்லிவிட வேண்டும். உன் அம்மா முதலில் சாப்பிடச் சொல்வார். அவர் கையால் சாப்பிட்டுவிட்டுச் சொன்னால் அது துரோகம், அதனால் வாசலிலேயே சொல்லிவிடுவதாக இருக்கிறேன். கதவைத் திறந்து என் முகத்தைப் பார்த்ததுமே "அருளுக்கு என்னத்தா?" என்றுதான் கேட்பார். "நல்லா இருக்கான்மா, வந்துக்கிட்டு இருக்கான்" என்று சொல்வேன். அப்படிச் சொல்ல எனக்கு ஒரு பதில் இருக்கிறது. அது இல்லாமல் அந்த வாசலில் நின்றிருந்தால் என்ற பயம் இன்னும் என்னை விடவில்லை. விட வேண்டாம். இனி ஒவ்வொரு டெஸ்டையும் அந்த வாசலில் நின்றுகொண்டுதான் எழுதுவேன்.