லார்போர்ட் பக்கத்து நாற்காலி

மட்டாஞ்சேரி
ஞாயிறு, மாலை

அன்புள்ள சங்கரி அக்காவுக்கு,

வசந்தி எழுதுகிறேன். நீயும் ஜிதின் சேட்டனும் புனேயில் சுகமாக இருக்க வேண்டும். போன மாதம் அப்பாவைப் பார்த்துவிட்டுத் திரும்பியதிலிருந்து நீ என் போனை எடுப்பதில்லை. அதனால்தான் கடிதம். கோபம் வந்தாலும் கடைசிவரை படி.

இங்கே மழை விட்டுவிட்டது. பஜாரில் இஞ்சி மூட்டை லாரிகள் மறுபடி தெருவை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. அம்மாவுக்கு முழங்கால் வலி, ஆனால் உட்கார மாட்டாள். அப்பா தலையணை வைத்தால் சாய்ந்து உட்காருகிறார். பேச்சு தெளிந்துவிட்டது. இடது கையும் காலும் அப்படியேதான்.

நம் அட்டையில்லாத ஆங்கில அகராதி ஞாபகம் இருக்கிறதா? யூதத் தெருவில் பழைய சாமான் கடையில் வாங்கியது. இடத்தையும் திசையையும் சொல்கிற வழக்கொழிந்த சொற்களை மட்டும் அதிலிருந்து பொறுக்கி நமக்கென்று ஒரு பாஷை வைத்திருந்தோம். ‘ஹிதர்’ என்றால் இங்கே வா. ‘யாண்டர்’ என்றால் கண்ணுக்குத் தெரிகிற, கைக்கு எட்டாத இடம். படகுத்துறையிலிருந்து தெரியும் தீவுக்கு நீ வைத்த பெயர். ‘லார்போர்ட்’ கப்பலின் இடப்பக்கம். வலப்பக்கத்தின் பெயரும் அதேபோல ஒலித்ததால், காற்றில் கூவும்போது குழப்பம் வருகிறதென்று மாலுமிகள் அந்தச் சொல்லையே கைவிட்டார்களாம். நம் பேச்சைக் கேட்டு அப்பா, “ரெண்டும் சேர்ந்து யாரை விக்கத் திட்டம் போடுதுங்க?” என்பார்.

சில நாட்களாகச் சாப்பாட்டு வேளையில் வீட்டில் சண்டை. தட்டில் பாதித் தோசையை அப்படியே விட்டுவிட்டு, “அரைத் தோசைக்கு மேல உன் கை நீளாதா?” என்பார் அப்பா. “இருக்கிறதைத் தின்னுட்டு அப்புறம் சட்டம் பேசுங்க” என்பாள் அம்மா. வியாழக்கிழமை, பிசியோதெரபிக்கு வரும் ஷைலஜா சேச்சி இதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தட்டைப் பிடித்து அரைவட்டம் திருப்பி வைத்தாள். அப்பா மீதியைத் தின்றபடி, “இப்ப மட்டும் எங்கேருந்து வந்தது?” என்று அம்மாவைப் பார்த்தார்.

“அச்சனுக்குப் பிடிவாதம் ஒண்ணுமில்ல கேட்டோ,” என்றாள் சேச்சி. “கண்ணு சரியாத்தான் இருக்கு. ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் இடது பாகம்னு ஒண்ணு இருக்கிறதே மூளைக்குத் தெரியல. அந்தப் பக்கம் ஒரு ஆளு இருந்தாலும் இல்லாத மாதிரிதான்.”

அப்பாவுக்கு லார்போர்ட் இல்லாமல் போய்விட்டது, அக்கா.

அம்மா தோசைக் கரண்டியோடு நின்றாள். கல்லில் தோசை கருகிக்கொண்டிருந்தது. “வசந்தி, அன்னைக்கு சங்கரி எந்தப் பக்கம் உக்காந்திருந்தா?” என்று கேட்டாள்.

ஜன்னலோரம். இடப்பக்கம். அம்மாதான் அந்த நாற்காலியைப் போட்டாள். கோபித்துக்கொண்ட பெரியவர்தான் முதலில் பேச வேண்டும் என்பது நம் வீட்டு வழக்கம். அப்பா சம்மதிக்காத கல்யாணத்துக்குப் பிறகு முதல் முறை வந்த உன்னிடமும் அதையே வாசலில் சொல்லி அனுப்பினாள். நீ பேசவில்லை. உணர்ச்சியில்லாத அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு மத்தியானம் முழுவதும் உட்கார்ந்திருந்தாய். அப்பா எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சேச்சி போன பிறகு நான் அதே நாற்காலியில் சத்தமில்லாமல் போய் உட்கார்ந்தேன். அப்பா திரும்பவில்லை. கொஞ்சம் கழித்து அம்மாவிடம், “வசந்தி எங்க, இன்னும் வரலியா?” என்றார். நான் தொடும் தூரத்தில் இருந்தேன். உனக்கு அன்று எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீ போன அன்று மாலை அப்பா குழறலாகக் கேட்டார்: “சங்கரிக்குச் சொல்லியாச்சா? வர்றாளாமா?” வந்து போனவளைக் குத்திக்காட்டுகிறார் என்று நினைத்து அம்மா பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். நீ வந்ததை இன்னும் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால், ஏன் ஒரு வார்த்தை பேசாமல் போனாள் என்று கேட்பார்.

ஜிதின் சேட்டனை அவர் ஏற்றுக்கொண்டார் என்று நான் எழுத மாட்டேன். அது எனக்குத் தெரியாது. உன்னைக் கேட்டார் என்பது தெரியும். இன்னொரு ஸ்ட்ரோக் வந்தால் தாங்க மாட்டார் என்று டாக்டர் அம்மாவிடம் சொன்னதும் தெரியும்.

நாற்காலியை வலப்பக்கம், அலமாரியை ஒட்டி மாற்றிப் போட்டிருக்கிறோம். அம்மா அதைத் தினமும் துடைக்கிறாள். அவளும் உட்காருவதில்லை, என்னையும் விடுவதில்லை. யார் முதலில் பேசுவது என்பதையெல்லாம் அவள் விட்டுவிட்டாள். நீ வாசலிலேயே “அப்பா” என்று கூப்பிட்டுக்கொண்டு, கட்டிலைச் சுற்றி வலப்பக்கம் வர வேண்டுமாம். எழுதச் சொன்னாள்.

உனக்கும் சேட்டனுக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். இந்தக் கடிதத்தை அவருக்கும் படித்துக் காட்டு.

ஹிதர், அக்கா.

உன் தங்கை
வசந்தி